கடற்கரை வீட்டுக்கு பிளேனர் ஸ்பீக்கர்: கனடாவிலிருந்து வருகிறது, எடுக்கலாமா?

உப்புவெளிக் காற்று:

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வீடு மாறுகிறார். அவரிடம் ஒரு சோடி மேக்னபேன் 1.7 என்ற பிளேனர் (தட்டைப் பலகை) ஸ்பீக்கர் இருக்கிறது. "புது வீட்டில் இதற்கு இடமில்லை. அம்மாவுக்கு அனுப்பும் சாமான்களோடு கப்பலில் போட்டுவிடுகிறேன், கூலியும் ஒரு சின்னத் தொகையும் தந்தால் போதும்" என்கிறார். இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வகை ஸ்பீக்கரை நான் நேரில் கேட்டதில்லை. படத்தில் பார்த்தால் துணி போர்த்திய கதவு மாதிரி நிற்கிறது. ஏறக்குறைய ஐந்தரை அடி உயரம், ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடிய அகலம், இரண்டு அங்குலத் தடிப்பு. பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை.

எங்கள் முன் ஹோல் 14 அடி அகலம், 20 அடி நீளம். சீமெந்துத் தரை, பூசிய சுவர், ஓட்டுக் கூரை, சீலிங் அடிக்கவில்லை. கடல் 300 மீற்றர் தள்ளி. இப்போது இருப்பவை இரண்டு சிறிய பெட்டி ஸ்பீக்கர்களும் ஒரு ஏவி ரிசீவரும் (டிவிக்கும் பாட்டுக்கும் பொதுவான அம்ப்ளிபயர்). கேட்பது பெரும்பாலும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின். சனி ஞாயிறில் பழைய படப்பாட்டு. வேலை முடிந்து வந்து அந்த ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்காவிட்டால் எனக்கு நாள் முடிந்த மாதிரியே இருக்காது. ஆகவே நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

டச்சுக்குடா:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பிளேனர் என்று ஒரே பெயரால் சொன்னாலும் வகைகள் வேறு வேறு.

ஒன்று நிலைமின் வகை. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். தகடுகளில் பாட்டின் மின்னழுத்தம் மாற மாற, படலம் முன்னும் பின்னும் இழுபடும். இங்கிலாந்தில் பீட்டர் வோக்கர் 1957 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் ஸ்பீக்கர்தான் இந்த வகையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. மற்றது காந்த வகை. படலத்தின் மேல் அலுமினியக் கம்பியோ தகடோ ஒட்டியிருக்கும், பக்கத்தில் வரிசையாகக் காந்தப் பட்டைகள். உங்களுக்கு வருவது இது. ஜிம் வைனி என்பவர் 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய கம்பனி. இதைச் சுவர்ப் பிளக்கில் செருக வேண்டியதில்லை. அசல் ரிப்பன் என்று மூன்றாவது ஒன்று உண்டு, அதை இப்போதைக்கு விடுவோம்.

இனி நல்லது. சாதாரண ஸ்பீக்கரில் கம்பிச் சுருள் கூம்பின் நடுவைத்தான் தள்ளுகிறது. விளிம்பு அந்தத் தள்ளலுக்கு ஒத்துப்போக வேண்டும். கூம்பு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் ஏதோ ஒரு சுருதியில் நெளியத் தொடங்கும். பிளேனரில் படலம் முழுவதும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது, எடையும் மிகக் குறைவு. ஆகவே ஒலி தொடங்கும்போது சட்டென்று தொடங்கி, நிற்கும்போது நிற்கிறது. பெட்டி இல்லாததால் பெட்டியின் குரலும் இல்லை. உங்கள் சிறிய ஸ்பீக்கரின் பக்கப் பலகையில் கை வைத்துக்கொண்டு ஒரு ஆண் குரலைப் போட்டுப் பாருங்கள். கையில் ஒரு நடுக்கம் தெரியும். அந்த நடுக்கமும் பாட்டோடு சேர்ந்துதான் இவ்வளவு காலமும் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது.

நான் ஆறு வருடம் நிலைமின் வகை வைத்திருந்தேன், வீடு திருகோணமலை டச்சுக் குடாக் கடலுக்கு நேரே. வாங்கிய முதல் கச்சான் காற்றுக் காலத்தில் (தென்மேற்கு வறண்ட காற்று) எனக்கு உலகமே மறந்தது. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததும் வலது பக்கம் சத்தம் குறையும். ஈரப்பதத்தில் படலத்தின் மின்னேற்றம் கசிந்துவிடும். தூசியையும் அந்த மின்னேற்றமே இழுத்து வைத்துக்கொள்ளும். இரவில் சின்னப் பூச்சி உள்ளே போனால் 'டிக்' என்று வெடிக்கும். ஐந்தாம் வருடம் ஒரு பக்கப் பலகை போய்விட்டது. மாற்றுப் பலகைக்கு எழுதினேன், மறுமொழி வர நான்கு மாதம், விலையோ நான் வாங்கிய விலையில் பாதி. விற்றுவிட்டேன். கடலைப் பார்த்த வீட்டுக்கு அந்த வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காந்த வகை வேறு கதை, அது இப்போது என்னிடம் இருக்கிறது, ஏழாவது மாரி கண்டுவிட்டது.

தம்பலகாமத்தான்:

அண்ணை சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் மறுபக்கத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். நான் வளர்ந்தது ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு. தவிலின் தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கத்தில் ஒரு அடி விழுந்தால் நெஞ்சில் விழ வேண்டும். கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் பிளேனரில் தனியாவர்த்தனம் கேட்டேன். மற்றப் பக்கமான வலந்தலையில் ஒவ்வொரு சொல்லும் எண்ணிப் பார்க்கலாம் போலத் தெளிவு. தொப்பி மட்டும் தூரத்துத் தெருவில் அடித்த மாதிரி இருந்தது.

காரணம் எளிது. பெட்டி இல்லாததால் படலத்தின் முதுகுப்பக்க ஒலியும் வெளியே வருகிறது, அதுவும் தலைகீழாக. முன்னால் காற்று அமுங்கும்போது பின்னால் விரிகிறது. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) ஒலியின் அலைநீளம் மூன்றரை மீற்றர், பலகையின் அகலமோ அரை மீற்றர். அலை சுற்றி வந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. படலத்தின் சொந்த அதிர்வைக் கீழே இறக்கி வைத்து ஓரளவுக்கு ஈடுசெய்கிறார்கள். தம்பிக்கு வரும் மாடலுக்குக் கம்பனியே 40 ஹெர்ட்ஸ் வரைதான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேகமாக விழுந்துவிடும். மேலும் படலம் அசையக்கூடிய தூரம் மிகக் குறைவு. சத்தத்தைக் கூட்டினால் படலம் தட்டும்.

தவில், உறுமி, இப்போதைய படப்பாட்டு, வீட்டில் படம் பார்ப்பது, இவை முக்கியமென்றால் நல்ல பெட்டி ஸ்பீக்கரே மேல். இது என் உறுதியான எண்ணம்.

தந்திநாதம்:

நான் வீணை சொல்லிக்கொடுப்பவள், தொழில்நுட்பம் தெரியாது. டச்சுக்குடா ஐயாவின் வீட்டில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். மீட்டல் விழுந்த பிறகு தந்தியில் மிச்சம் இருக்கும் நாதத்தில்தான் நாங்கள் கமகத்தை இழுக்கிறோம். ஒரு மீட்டலில் மூன்று ஸ்வரம் இழுத்தால் மூன்றாவது மிக மெல்லியதாக இருக்கும். என் வீட்டு ஸ்பீக்கரில் அந்த மூன்றாவது ஸ்வரம் தம்புராவுக்குள் மறைந்துபோகும். ஐயாவின் வீட்டில் அது கடைசி வரை கேட்டது. என் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதற்குப் பிறகு அப்படி நான் கேட்டது அங்கேதான். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்தேன்.

தொப்பி பற்றி ஒரு சொல். தம்பி கேட்பது வாய்ப்பாட்டும் வீணையும். ஒரு கட்டைச் சுருதியில் ஆண்கள் வைக்கும் தம்புராவின் மந்தர (கீழ்) ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அளவில் என்று ஐயா அளந்து காட்டினார். அதற்குக் கீழே நம் கச்சேரியில் பெரிதாக என்ன இருக்கிறது?

தம்பலகாமத்தான்:

அக்கா, 65 இல் ஒலி இருப்பதும் அது பலத்தோடு இருப்பதும் வேறு. ஆனால் தம்புராவைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஜீவாளி நூல் வைத்த தந்தியில் அடிச்சுரத்தைவிட மேலே கிளம்பும் நாதங்கள்தான் பலம். அவற்றைப் பிளேனர் நன்றாகக் காட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

நிலாவெளி மின்திருத்தம்:

கரண்ட் பக்கத்தைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடமாக இந்தக் கரையில் அம்ப்ளிபயர்களைத் திருத்துகிறேன்.

கனடாவிலிருந்து வரும் சாமானில் முதல் கேள்வி 120 வோல்ட். நிலைமின் வகை என்றால் அதற்கும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் வைக்க வேண்டும், 2022 மின்வெட்டு மாதிரி ஒரு காலம் வந்தால் ஒவ்வொரு முறையும் மின்னேற்றம் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். உங்களுக்கு வருவதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் உறவினர் "அம்ப்ளிபயரையும் சேர்த்து அனுப்புகிறேன்" என்றால் யோசியுங்கள்.

இரண்டாவது, உங்கள் ரிசீவர். இந்த ஸ்பீக்கரின் தடை 4 ஓம். மேடுபள்ளம் இல்லாமல் ஏறக்குறைய நேராக இருக்கும், அது ஒரு நல்ல குணம். நிலைமின் வகைகளில் சில, மேல் சுருதியில் 1 ஓமுக்கும் கீழே போகும். ஆனால் 4 ஓம் என்பதே சாதாரண ரிசீவருக்குப் பாரம். கணக்கைப் பாருங்கள்: 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபெல் (சத்த அளவு) என்று எழுதியிருக்கிறது. 4 ஓமில் அது 1 வாட் இல்லை, 2 வாட். 96 டெசிபெல்லுக்கு 20 வாட், 106 டெசிபெல்லுக்கு 200 வாட். மிருதங்கத்தின் ஒரு சாப்பு அடி, சராசரிச் சத்தத்தைவிட எவ்வளவோ மேலே எகிறும். அந்தக் கணத்துக்குத்தான் வாட் வேண்டும். ரிசீவர் அந்த இடத்தில் மூச்சு வாங்கும், அல்லது சூடேறி நின்றுவிடும். 4 ஓமுக்கு 150 முதல் 200 வாட் உண்மையாகத் தரும் ஸ்டீரியோ அம்ப் தேடுங்கள். டி வகுப்பு அம்ப்கள் இப்போது நியாயமான விலைக்கு வருகின்றன. சூடும் குறைவு, நம்மூருக்கு அது பெரிய விடயம்.

மூன்றாவது, உப்புக்காற்று. காந்தப் பட்டைகள் ஒட்டியிருப்பது துளையிட்ட இரும்புத் தகட்டில். அது துருப்பிடிக்கும். பழைய சோடிகளில் கம்பியைப் படலத்தோடு பிடித்திருக்கும் பசை வெயிலிலும் காலத்திலும் விட்டுப்போவதும் இந்த வகைக்கே உரிய நோய். விட்டுப்போனால் குறிப்பிட்ட சுருதியில் 'ஸ்ஸ்ர்' என்று ஒரு கிழிசல் சத்தம் வரும். ஆகவே அனுப்ப முன் அங்கேயே ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் போட்டு, தாழ்வான ஒலியிலிருந்து மேலே மெதுவாக ஏறும் ஒரு சுருதி ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும், அதையும் பார்க்கட்டும். ஸ்பீக்கரின் சட்டம் எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய) பலகை. கப்பல் பெட்டிக்குள் ஈரம் பட்டால் ஊதும். பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போடச் சொல்லுங்கள். படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றக் கூடாது.

உப்புவெளிக் காற்று:

இவ்வளவு விபரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பசையையும் ஃபியூஸையும் பற்றி அண்ணாவுக்கு எழுதிவிட்டேன்.

அடுத்த சிக்கல் வீட்டுக்குள். சுவரோடு சேர்த்து வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், தடிப்புத்தான் இல்லையே. இணையத்தில் எல்லோரும் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வை என்கிறார்கள். அம்மா "முன் ஹோலில் இரண்டு கதவை நடுவே நிறுத்தினால் வருகிறவர்கள் எங்கே இருப்பது?" என்று கேட்கிறார். உண்மையில் எவ்வளவு தள்ள வேண்டும்?

டச்சுக்குடா:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பிளேனர் வாங்கி ஏமாந்தவர்கள் பலரும் ஏமாந்தது இந்த இடத்தில்.

பின்னால் போகும் தலைகீழ் அலை சுவரில் பட்டுத் திரும்பி முன்னலையோடு சேர்கிறது. நம்மூர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர். பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி 30 சென்ரிமீற்றர் என்றால், போய்வர 60. அந்த நீளமுள்ள அலை 580 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அங்கே ஒரு பள்ளம் விழும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் தார (மேல்) பஞ்சமத்தைத் தொட்டால் அது ஏறக்குறைய 588. உச்சத்தில் அவர் நிற்கும் ஸ்வரத்தைச் சுவர் விழுங்கிவிடும். ஒரு மீற்றர் தள்ளினால் அந்தப் பள்ளம் 175 பக்கம் இறங்கிவிடும். அடுத்தடுத்த பள்ளங்கள் மேலே இருந்தாலும், திரும்பிவரும் அலை ஏறக்குறைய ஆறு மில்லிநொடி பிந்தி வருவதால் காது அதைத் தனியாகப் பிரித்து, ஆழமாக எடுத்துக்கொள்ளும். மேடையில் பக்கவாத்தியக்காரர் பின்னால் இருக்கிறார் என்ற உணர்வு அதிலிருந்து வருவதுதான்.

இன்னொன்று. பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோடு தள்ளினால் தாழ்சுரம் கூடும். இது எதிர். சுவரோடு தள்ளினால் தாழ்சுரம் போய்விடும். தம்பலகாமத்துத் தம்பி கொழும்பில் கேட்ட வீட்டில் எவ்வளவு தள்ளி வைத்திருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா?

உங்கள் ஹோல் 20 அடி நீளம். குறுகிய சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி வையுங்கள், அங்கிருந்து ஒன்பது பத்து அடியில் கதிரை. பின்னால் இன்னும் ஐந்து அடி மிஞ்சும், ஆட்கள் போய்வர அது போதும்.

இனி, நம் வீடுகளுக்கு இந்த வகையால் வரும் நன்மையைச் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதவில்லை. ஹோலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். 'டர்ர்' என்று சுவருக்குச் சுவர் ஓடும். சீமெந்தும் பூச்சும் ஒலியைக் குடிக்காது. பெட்டி ஸ்பீக்கர் எல்லாப் பக்கமும் தெளிப்பதால் அந்த எதிரொலி முழுவதும் பாட்டில் கலக்கிறது. பிளேனர் முன்னும் பின்னும்தான் ஒலிக்கிறது. பலகையின் விளிம்புப் பக்கத்தில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழிப்பதால் பக்கச் சுவருக்கு மிகக் குறைவாகவே போகும். உயரமான பலகை என்பதால் தரைக்கும் கூரைக்கும் குறைவு. ஓட்டுக் கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள ஹோலில் பாட்டின் சொற்கள் தெளிவாக விளங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, கம்பளமும் பஞ்சும் ஒட்டி அறையை மூடாமல்.

பின்சுவரில் பெரிய யன்னல் இருந்தால் இன்னும் நல்லது. திறந்து விடுங்கள், பின்னலையில் ஒரு பங்கு முற்றத்துக்குப் போகட்டும். அயல்வீட்டாரின் நித்திரையைப் பார்த்து.

தம்பலகாமத்தான்:

அண்ணை, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, அங்கே சுவருக்கும் பலகைக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. கணக்கைப் படித்த பிறகு அந்த வீட்டை வைத்து முழுத் தீர்ப்புச் சொன்னது சரியில்லை என்று படுகிறது. உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தவில் பதிவு கேட்க விடுவீர்களா?

டச்சுக்குடா:

இந்த ஞாயிறு பின்னேரம் வாருங்கள். உப்புவெளித் தம்பியும் வரட்டும், பாட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

மூதூர்க்கரை:

ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. நான் இரண்டு வருடம் ஒரு சோடி வைத்திருந்து மச்சானுக்குக் கொடுத்தவன். ஒலியில் எனக்குக் குறையே இல்லை. குறை, ஒரு ஆள் மட்டும்தான் கேட்க முடிந்தது.

10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்ரிமீற்றர். அதை அகலமான தட்டையான பரப்பிலிருந்து விட்டால் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரே போகும். இதற்காகத்தான் 1981 இல் வந்த குவாட் 63 இல் தகடுகளை வளையம் வளையமாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளியே சற்றுச் சற்றுப் பிந்தி ஒலிக்கச் செய்தார்கள். மார்ட்டின் லோகன் கம்பனி பலகையையே வளைத்தது. மேக்னபேனில் மேல்சுரப் பகுதி ஒடுக்கமான பட்டையாக ஒரு ஓரத்தில் இருக்கும். எல்லாம் உதவும், ஆனாலும் கதிரையை இரண்டு அடி நகர்த்தினால் பாடகர் ஒரு பக்கத்துப் பலகைக்குள் போய்விடுவார். எங்கள் வீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் பாயில் ஆளுக்கொரு மூலையில் இருந்துதான் கேட்பது வழக்கம். நான் நடுவில் சுகமாகக் கேட்க, அவர்கள் அரைகுறையாகக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து கேட்பீர்கள்?

உப்புவெளிக் காற்று:

மூதூர் நானா, நல்ல கேள்வி. இரவில் நான் தனியே. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் சேர்ந்து இருப்பார், அவருக்கு இடதுபக்கக் கதிரைதான் வேண்டும். பழைய பெட்டி ஸ்பீக்கர்களை விற்காமல் வைத்திருக்கலாம் என்று உங்கள் பதிவைப் படித்தபின் நினைக்கிறேன்.

உப்புவெளிக் காற்று:

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம் எனக்கு ஏமாற்றம். சத்தம் குறைவாக, அடக்கமாக இருந்தது. ஐயா ஒன்றும் சொல்லாமல் எங்கள் வீட்டில் நான் தினமும் கேட்கும் அதே ஆலாபனையைப் போட்டார். பாடகர் மூச்சு எடுத்துவிட்டுக் கீழ் ஷட்ஜத்தில் அமர்ந்தார். அவர் உட்கார்ந்திருக்கும் உயரம் தெரிந்தது. பலகையிலிருந்து ஒலி வரவில்லை, இரண்டுக்கும் நடுவே, சுவருக்கும் அப்பால் எங்கோ இருந்து வந்தது. வயலின் அவருக்குச் சற்றுப் பின்னால் மெதுவாகத் தொடர்ந்தது. அந்த வயலின் அந்த இடத்தில் இருப்பதே எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

பிறகு தவில். தம்பலகாமத்து அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலரை அடி தள்ளி வைத்ததில் தொப்பி அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது, ஆனால் நெஞ்சில் விழவில்லை. நானும் அதை உணர்ந்தேன். ஐயா ஒரு மூடிய பெட்டி சப்வூஃபரை 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் சேர்த்தார். சற்றுக் கூட்டினாலே தனியாக ஒரு 'தொம்' கேட்டது. குறைத்துக் குறைத்து ஒட்ட வைக்க அரை மணித்தியாலம் ஆனது.

நின்றுகொண்டு கேட்டேன், பக்கத்தில் போய்க் கேட்டேன். மூதூர் நானா சொன்னது முழுக்க உண்மை. விளிம்புக்கு நேரே நின்றால் பாட்டு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

தம்பலகாமத்தான்:

என் வாக்குமூலம்: தவிலுக்கு என் பெட்டி ஸ்பீக்கரை மாற்ற மாட்டேன். ஆனால் நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் காற்று உரசும் சத்தம் அங்கே கேட்ட மாதிரி நான் வேறு எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை. வீடு வந்தும் அதுதான் காதில் நின்றது.

டச்சுக்குடா:

தம்பிக்கு இரண்டு குறிப்பு. இரண்டு பலகைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. மேல்சுரப் பட்டை உள்பக்கம் வருமாறு ஒரு கிழமை கேளுங்கள், பிறகு இடம்வலம் மாற்றி வெளிப்பக்கம் வருமாறு ஒரு கிழமை. 14 அடி அகலத்துக்கு உள்பக்கம் சரியாக வரும் என்பது என் ஊகம், காது முடிவு செய்யட்டும். இரண்டாவது, கச்சான் தொடங்கிவிட்டால் கேட்காத நேரங்களில் பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். வெயில் நேரே விழும் யன்னலுக்கு எதிரே ஒருபோதும் வேண்டாம்.

உப்புவெளிக் காற்று:

எடுப்பதாக அண்ணாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் சுருதி ஏற்றிக் கேட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் சுத்தம்.

வீட்டில் நேற்று மாலை சுவரிலிருந்து நாலரை அடியில் தரையில் டேப் ஒட்டி, பலகைகளின் அளவுக்கு இரண்டு கார்ட்போர்ட் மட்டைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு முறை சுற்றி நடந்து பார்த்தார். விளக்கு வைக்கப் போகும் வழியில் வலது மட்டை இடிக்கிறது என்று அதை மட்டும் ஒரு சாண் உள்ளே தள்ளச் சொன்னார். இடதையும் அதே அளவு தள்ளிவிட்டேன். கப்பல் வரும் வரை மட்டைகள் அங்கேயே நிற்கும்.

மின்திருத்த அண்ணா, 4 ஓமில் 200 வாட் என்று எழுதிய ஒரு பழைய அம்ப் அலஸ்தோட்டத்தில் விற்பனைக்கு இருக்கிறது. வாங்க முன் உங்களிடம் கொண்டுவந்து காட்டலாமா?

நிலாவெளி மின்திருத்தம்:

கொண்டு வாருங்கள். 4 ஓம் தடை ஒன்று கட்டி அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தால் எழுதியது உண்மையா என்று தெரிந்துவிடும். புதன்கிழமை காலை கடை திறந்திருக்கும்.